வருந்தாத செலவுகள்

பொருளைச் செலவிட்டுவிட்டுப் பின்னர், "வீணாயிற்றே" என்று வருந்துவது உலக வழக்கம். அத்தகைய வருத்தத்தைப் பற்றிப் பெரியோர்கள் பலவாறு அறிவுரை கூறியுள்ளனர். ஆனால் தகுதிக்கு மீறியோ தேவைக்கு மீறியோ செலவு செய்துவிட்டு, "அறிவுள்ளவன் செய்யக்கூடியதன்று, ஆயினும் இன்றுவரை நான் அதற்காக வருந்தவில்லை" என்று முகமலர்ச்சியோடு சொல்லிக்கொள்ளும் செலவுகளும் ஒவ்வொருவர் வாழ்விலும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. வருத்தம் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம் போலும். அவ்வெண்ணம் சரிதானா என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

சென்ற ஆண்டு தசலட்சண நாள்களில் ஒருநாள். பகலவன் மறையுமுன் உணவை முடித்துக்கொண்டு, ஜினாலயத்தில் ஆரத்தியும் கண்டபின், முன்மண்டபத்தில் சிலர் அமர்ந்திருந்தோம். அன்றைக்குரிய அறம் உத்தம சௌசம். அதாவது பேராசை நீங்கிய உள்ளத் தூய்மை. எனவே பேச்சு இயல்பாகவே வரவு செலவு, சேமிப்பு, ஆசை என்று சென்றது. உழவர் பெரியவர் ஒருவர், மணிலா விளைச்சல் பொய்த்த ஓர் ஆண்டில் கடன் வாங்கித் தம் தாயாரையும் மனைவி மக்களையும் சம்மேத சிகர யாத்திரைக்கு அழைத்துச் சென்ற கதையைக் கூறினார். கடன் தீர மூன்று ஆண்டுகள் ஆயினவாம். "இருந்தாலும் வருந்தவில்லை" என்றார். அம்மையார் ஒருவர், மகளின் திருமணத்திற்குத் தம் குடும்ப நிலைக்குச் சற்றும் பொருந்தாத விலையில் ஒரு பட்டுச் சேலை எடுத்ததைச் சொன்னார். அவரும் வருந்தவில்லை. நாமும் நம் பங்கிற்கு, எம் தந்தையார் 1962ஆம் ஆண்டில் வாங்கிய வானொலிப் பெட்டியைப் பற்றிச் சொன்னோம். எல்லாரும் சிரித்து மகிழ்ந்தோம்.

அதுவரை ஒன்றும் பேசாமல் தூணருகே அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் பணிவோடு கேட்டார்: "ஐயா, வருந்தவில்லை என்பதனாலேயே ஒரு செலவு சரியாகிவிடுமா? தவறு செய்த எத்தனையோ பேர் வருந்தாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்களே?"

யாரும் விடை கூறவில்லை. சிறிது நேரத்தில் அவரவர் வீடு திரும்பினோம். ஆனால் அக்கேள்வி நம்மோடு வீடு வரை வந்தது, இன்றளவும் போகவில்லை.

வருத்தம் ஓர் அளவுகோலா?

முதற்கண், வருத்தம் என்பது எத்தகைய அளவுகோல் என்று பார்ப்போம். பசித்து வந்தவனுக்குச் சோறிட்ட கருமி, அன்றிரவு அதற்காக வருந்துகிறான். அவன் வருந்துவதனால் அந்த அன்னதானம் தவறாகிவிடுமா? கூலிப் பணத்தைக் குடித்துத் தீர்ப்பவன் பல நாள்களில் வருந்துவதே இல்லை. அவன் வருந்தாததனால் அவன் வீட்டுப் பிள்ளைகளின் பசி பொய்யாகிவிடுமா? எனவே வருத்தம் வருவதும் வராததும் அவரவர் உள்ளத்தின் பழக்கத்தைக் காட்டுமே அன்றி, செயலின் நன்மை தீமையைக் காட்டாது.

நம் ஆசாரியர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தவறு செய்தவனுக்கு வருத்தம் தானே வந்துவிடும் என்று அவர்கள் நம்பியிருந்தால், செய்த குற்றங்களை நாள்தோறும் நினைந்து பார்த்து மீள்வதாகிய பிரதிக்கிரமணத்தை ஏன் விதித்திருக்க வேண்டும்? தானே வராததை நாம் தேடிச் சென்று காணவேண்டும் என்பதற்காகவே அதனை விதித்தனர். தன் வழக்கில் தானே வாதாடித் தானே தீர்ப்பும் கூறும் உள்ளத்தை அவர்கள் அவ்வளவு எளிதில் நம்பவில்லை.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். செலவு செய்வதே பாவம் என்று நம் அறம் கூறவில்லை. அனைத்தையும் துறத்தல் முனிவர்க்கு உரியது. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது வரையறை. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு தானியம் என்று தானே எல்லை வகுத்துக்கொள்வது பரிக்கிரக பரிமாண அணுவிரதம். உணவு, மலர் போல ஒருமுறையே துய்க்கத்தக்கவை போகம். உடை, அணிகலன், வீடு போலப் பலமுறை துய்க்கத்தக்கவை உபபோகம். இவ்விரண்டிற்கும் அளவு வகுப்பது போகோபபோக பரிமாணம். சமந்தபத்திர ஆசாரியர் தம் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனைக் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்துள்ளார். பயனின்றிப் பாவம் தேடிக்கொள்வதை விலக்கும் அனர்த்த தண்ட விரதம் மற்றொன்று. தேவைக்கு மிஞ்சித் துய்ப்புப் பொருள்களைக் குவிப்பது, அவ்விரதத்திற்கு நேரும் குறைபாடுகளுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணப்பட்டுள்ளது.

இவற்றுள் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லையை ஆசை எழுமுன் வகுக்க வேண்டும் என்பதே இவ்விரதங்களின் உயிர். பொருளை வாங்கியபின் மகிழ்ந்தோமா, வருந்தினோமா என்று பார்ப்பது காலம் கடந்த கணக்கு.

யார் கொடுத்த விலை?

எம் தந்தையாரின் வானொலிப் பெட்டிக்கு வருவோம். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்த சில மாதங்களில் அது வந்தது. மரக்கூடும், முகப்பில் துணி வேய்ந்த ஒலிபெருக்கியும் கொண்ட பெரிய பெட்டி. திருகினால் உடனே பாடாது. உள்ளிருக்கும் வால்வுகள் சூடேற வேண்டும். அதற்குள் தெருவே திண்ணையில் கூடிவிடும். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சீனப் போர் மூண்டபோது, இரவுச் செய்தி கேட்க வயல்வேலை முடித்த ஆள்களும் வருவார்கள். 1964ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு மறைந்த செய்தியையும் எங்கள் ஊர் அந்தப் பெட்டியின் வழியாகவே கேட்டது. எங்களுக்கு இசையும் நல்ல தமிழும் அறிமுகமானது அதனால்தான். தந்தையார் தம் இறுதிக்காலம் வரை, "கையில் காசில்லாத காலத்தில் செய்த பைத்தியக்காரத்தனம்; ஆனாலும் அதைப் போல் ஒரு நல்ல செலவு நான் செய்ததில்லை" என்று பெருமையோடு சொல்வார். அருகிலிருக்கும் தாயார் சிரிப்பார். அச்சிரிப்பை நாங்கள் உடன்பாடு என்றே எண்ணியிருந்தோம்.

தாயார் மறைந்தபின் அவர் பெட்டியை ஒழுங்கு செய்தபோது, நான்காக மடித்த ஓர் அடகுச் சீட்டு கிடைத்தது. ஒரு சோடிக் கல் கம்மல். 1962ஆம் ஆண்டுத் தேதி. அப்போதுதான் எங்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் சிறுபருவத்தில் நெடுங்காலம் தாயாரின் காதில் கம்மல் இருந்ததில்லை. துளை தூர்ந்துவிடாதிருக்க வேப்பங்குச்சியைச் செருகியிருப்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கம்மல் மீட்கப்படவே இல்லை, மூழ்கிப் போயிற்று. தாய்வீட்டில் போட்ட கம்மல் அது என்று பின்னர் எம் பெரியம்மா சொல்லித் தெரிந்துகொண்டோம்.

தாயார் அச்சீட்டை ஏன் வைத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. குறையாகவா, நினைவாகவா, அல்லது வெறுமனே தூக்கி எறிய மனமின்றியா? அதனைக் கேட்டறியும் வாய்ப்பு போய்விட்டது. அந்தப் பெட்டியில் வரும் பாட்டை அவரும் விரும்பிக் கேட்டவர்தாம். தந்தையார் தீயவரும் அல்லர். ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. தந்தையார் வருந்தாமலிருந்தார், அந்த வருந்தாமைக்கு விலை கொடுத்தவர் தாயார்.

இதுவே நாம் கண்ட முதல் தெளிவு. ஒரு செலவைப் பற்றி, "வருந்துகிறேனா?" என்று கேட்பதற்கு முன், "இதன் விலையை யார் கொடுத்தார்?" என்று கேட்கவேண்டும். வாங்குபவன் ஒருவன், விலை தருபவன் வேறொருவன் என்றால், வாங்கியவனுக்கு வருத்தம் வராமலிருப்பதில் வியப்பென்ன?

காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ள ஒரு செய்தியை இங்கு நினைத்துப் பார்க்கலாம். 1888ஆம் ஆண்டு அவர் சட்டம் பயில லண்டன் செல்லுமுன், அவர் அன்னையார் அஞ்சியபோது, பேச்சர்ஜி சுவாமி என்னும் ஜைன முனிவர் முன்னிலையில்தான் மது, மாது, புலால் தீண்டுவதில்லை என்று அவர் உறுதி பூண்டார். அவ்வுறுதியைக் காத்தார். ஆனால் லண்டனில் நாகரிக மோகம் அவரைச் சில காலம் பற்றியது. 10 பவுண்டு செலவில் மாலைநேர உடை தைத்துக்கொண்டார். 19 ஷில்லிங்கில் உயர்ந்த தொப்பி வாங்கினார். 3 பவுண்டு கொடுத்து வயலின் வாங்கினார். நடன வகுப்புக்கு ஒரு 3 பவுண்டு கட்டினார். தங்கச் சங்கிலி ஒன்றைத் தமையனாரிடம் கேட்டுத் தருவித்தார். இம்மோகம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்ததாக அவரே கூறுகிறார்.

பின்னர் அவர் விழித்துக்கொண்டது எவ்வாறு? தாம் அங்கு வந்தது படிப்பதற்காக என்பதையும், தமக்காகப் பொருள் அனுப்பும் தமையனாரின் அருமையையும் நினைத்துப் பார்த்தார். காசு காசாகக் கணக்கெழுதினார், அறையை மாற்றினார், வண்டி ஏறாமல் நடந்தார். ஊரில் இருந்துகொண்டு விலை கொடுத்த ஒருவரை அவர் கண்டுகொண்டார். அதே லண்டனில் மரக்கறி உணவகம் ஒன்றின் வாயிலில், மரக்கறி உணவை ஆதரித்து ஹென்றி சால்ட் எழுதிய சிறு நூலை 1 ஷில்லிங் கொடுத்து வாங்கியதையும் அவர் எழுதியுள்ளார். அன்னைக்குக் கொடுத்த வாக்கினால் புலால் உண்ணாதிருந்தவர், அந்நூலைப் படித்தபின் தம் அறிவின் தெளிவினால் மரக்கறியைத் தேர்ந்தார். அந்த ஷில்லிங்கும் தமையனார் அனுப்பியதே. ஆனால் அவ்விரு செலவுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க யாருக்கும் மனம் வராது.

இனி, சம்மேத சிகர யாத்திரை சென்ற உழவர் பெரியவரிடம் மீண்டும் வருவோம். மறுநாள் அவரைக் கண்டபோது, அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிக் கேட்டோம். யாத்திரைக்கு முன் அவர் வீட்டார் அனைவரையும் கூட்டி வைத்துக் கணக்கைச் சொன்னாராம். "தீபாவளிக்குப் புத்தாடை இராது, ஒரு பசுவை விற்க வேண்டியிருக்கும், சம்மதமா?" என்று கேட்டாராம். சிறுபிள்ளைகளும் சம்மதம் என்றார்களாம். கடன் வாங்கி யாத்திரை செல்லலாம் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் அங்கு விலை கொடுத்தவர் அனைவரும், இன்ன விலை என்று தெரிந்தே கொடுத்தனர். எம் தந்தையாரின் செலவுக்கும் அவர் செலவுக்கும் வேறுபாடு பொருளில் இல்லை. கேட்டதிலும் கேளாததிலும் இருக்கிறது.

வாய்பேசா உயிர்களின் கணக்கு

இப்போது அந்த அம்மையாரின் பட்டுச் சேலை. இதை எழுத நமக்குத் தகுதி உண்டா என்று பலமுறை தயங்கினோம். ஏனெனில் எங்கள் வீட்டுத் திருமணத்திலும் பட்டு எடுத்தோம். ஒரு குறையும் தோன்றாமல், மகிழ்ச்சியோடு எடுத்தோம். ஆரணியும் காஞ்சியும் நமக்கு அண்மை ஊர்கள். தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பட்டில்லாத திருமணம் திருமணமா என்று கேட்கும் உறவினர் நம் எல்லார் வீட்டிலும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் வேறு வேலையாகச் சென்ற இடத்தில், பட்டு நூல் எடுக்கும் கொட்டகை ஒன்றைக் காண நேர்ந்தது. முசுக்கொட்டை இலையை ஏறத்தாழ 25 நாள்கள் தின்று வளர்ந்த புழு, தன் வாயினின்று வரும் இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அவ்விழை பல நூறு மீட்டர் நீளமுடையது. உள்ளே கூட்டுப்புழுவாகி, பத்துப் பன்னிரண்டு நாள்களில் அந்துப்பூச்சியாகக் கூட்டைத் துளைத்து வெளிவரும். துளைத்தால் இழை அறுந்துவிடும். ஆகையால் அது வெளிவருமுன்பே ஆவியிலோ வெப்பக் காற்றிலோ கொல்லப்படுகிறது. பின்னர்க் கூடுகளைக் கொதிநீரில் இட்டு இழையின் நுனியைப் பிடித்து இழுக்கின்றனர். கூடு மெலிந்து மெலிந்து, முடிவில் நீரில் எஞ்சுவது பழுப்பு நிறமான சிறு உடல். அவற்றைக் கூடையில் அள்ளிக் கோழித் தீவனத்திற்கும் மீன் தீவனத்திற்கும் அனுப்புகின்றனர். ஒரு சேலைக்கு வேண்டிய பட்டுக்கு இத்தகைய கூடுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

அந்த வாடை இரண்டு நாள் எங்கள் மூக்கைவிட்டு நீங்கவில்லை. வீட்டிற்கு வந்து இல்லத்தரசியாரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: "நாம் எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறோம்; இரவில் விளக்கில் பூச்சி விழுமே என்று பொழுதோடு உண்கிறோம். இதை எப்படி இத்தனை நாள் கேளாமல் இருந்தோம்?"

இல்லறத்தார்க்கு உரிய கொல்லாமை, இயங்கும் உயிர்களை மனமறிந்து கொல்லாதிருத்தல். செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் நூல்கள் ஒருசேர எண்ணுகின்றன. கொதிகலத்தில் கூட்டை இட்டவர் கை வேறு; ஆனால் எவர் வாங்குவார் என்பதற்காக அது இடப்பட்டதோ, அந்தக் கணக்கில் வாங்கியவரும் இருக்கிறார். நாம் வருந்தவில்லை என்பது உண்மை. விலை கொடுத்தவர்களுக்கு வாயில்லை என்பதனால் அந்த வருந்தாமை எளிதாயிற்று என்பதும் உண்மை.

"நெசவாளர் பிழைப்பு என்னாவது?" என்று கேட்பர். நியாயமான கேள்விதான். அதே தறியில் பருத்தியும் நெய்யப்படுகிறது. அந்து வெளியேறியபின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்ற பட்டும் இன்று கிடைக்கிறது. மினுமினுப்புச் சற்றுக் குறைவு. கொஞ்சம் தேட வேண்டும். கொஞ்சம் கூடுதலாகப் பேச்சும் கேட்க வேண்டும். அம்மையாரைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. அவர் மகள்மேல் கொண்ட அன்பு பொய்யன்று. அதே அன்பை அறிந்த கண்ணோடு செலுத்தலாகாதா என்பதே நம் வேண்டுகோள்.

பிடித்த கையும் திறந்த கையும்

அப்படியாயின், அளவுக்கு மீறிச் செலவு செய்தும் வருந்த வேண்டாத செலவு என்று ஒன்று உண்டா? உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

பரிக்கிரகம் என்பது பொருளைக் குறிப்பதன்று; பொருளின்மேல் உள்ள மூர்ச்சையை, அதாவது உணர்வு மயங்கிய பற்றைக் குறிப்பது என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி வரையறுத்துள்ளார். இவ்வரையறை இருபுறமும் கூர்மையுடையது. குறைந்த விலைக்கு வாங்கிப் பூட்டிவைத்து, நாளும் எண்ணி எண்ணி மகிழும் சிக்கனக்காரரின் பெட்டியிலும் மூர்ச்சை உண்டு. காந்தியடிகள் 1891ஆம் ஆண்டு தாயகம் திரும்பியபோது மும்பையில் கண்டு பழகிய ராய்சந்த்பாயோ, முத்தும் வைரமும் விற்ற வணிகர். அவர் அமரும் இடத்தில் சமய நூல் ஒன்றும் நாட்குறிப்பும் எப்போதும் இருக்கும் என்றும், பெரும் வணிகம் பேசி முடித்த மறுகணம் அவற்றைத் திறந்துவிடுவார் என்றும் காந்தியடிகள் எழுதியுள்ளார். கையில் வைரம் இருந்தது. உள்ளம் அதன் கையில் இல்லை.

செலவிலும் இவ்வாறே. சாளுக்கியர் காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் ஜைனப் பெருமாட்டியைத் தானசிந்தாமணி என்று போற்றுவர். லக்குண்டியில் அவர் எழுப்பிய ஜினாலயத்தின் கல்வெட்டு 1007ஆம் ஆண்டைச் சார்ந்தது. பொன்னகவி இயற்றிய சாந்திபுராணம் வழக்கொழிந்து போகாதிருக்க, அதனை ஓலையில் ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி. அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் படிகள் என்றால், எத்தனை எழுத்தர், எத்தனை ஓலை, எத்தனை நாள்! உலகியல் கண்ணுக்கு அஃது ஊதாரித்தனம். ஆனால் அவ்வளவு பொருளும் சென்றபின் அவர் கையில் தங்கியது ஒன்றுமில்லை. எல்லாம் பிறர் கைக்குச் சென்றது.

நம் சிந்தாமணி அச்சேறிய கதையும் இத்தகையதே. 1880ஆம் ஆண்டு சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, உ. வே. சாமிநாதையர் அந்நூலைக் கற்கத் தொடங்கினார். கும்பகோணத்தில் வாழ்ந்த நம் சமூகத்துப் பெரியோர்கள் சமயக் கருத்துகளை விளக்கினர். 1887ஆம் ஆண்டு நூல் வெளிவந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வருவாயில் வாழ்ந்தவர், தம் சமயத்தைச் சாராத ஒரு காப்பியத்தின் அச்சுச் செலவிற்குப் பொருள் திரட்டப் பட்ட பாடுகளை அவருடைய தன்வரலாற்றில் காணலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1889இல் சி. வை. தாமோதரம்பிள்ளை நம் சூளாமணியைப் பதிப்பித்தார். சிக்கனம் ஒன்றையே அறம் எனக் கொண்டிருந்தால் இவர்கள் இப்பணிகளைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். இன்று அந்நூல்களைத் திறக்கும் நாம் அனைவரும் அவர்கள் செலவில் வாழ்பவர்கள்.

எனவே வருந்த வேண்டாத செலவுக்கு இரண்டு இலக்கணம் கூறலாம். ஒன்று, விலை கொடுத்தவர் அறிந்தே கொடுத்திருக்க வேண்டும். மற்றொன்று, வாங்கிய கை திறந்த கையாக இருக்க வேண்டும். எம் தந்தையாரின் வானொலிக்கு இரண்டாவது இலக்கணம் பொருந்தும். தெருவுக்கே அது பொதுவாக இருந்தது. முதலாவது பொருந்தவில்லை. அதனால் அது முழுத் தவறும் அன்று. முழு நன்மையும் அன்று. நம் வாழ்வின் பெரும்பாலான செலவுகள் இப்படிப்பட்டவையே. அவற்றை இன்னும் நுணுக்கமாக எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

நாம் செய்யத் தக்கது

இன்று பொருள் வாங்குவது முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. கைப்பேசியில் விரல் பட்டால் பொருள் வாசலுக்கு வருகிறது. பணம் இல்லையென்றால் மாதத் தவணை காத்திருக்கிறது. விலை கொடுப்பவர் யார் என்பது முன்னைவிட அதிகமாக மறைந்துவிட்டது. பல வேளைகளில் அடுத்த ஆண்டின் நாமே, அல்லது நம் பிள்ளைகளே அந்த விலையைக் கொடுக்கின்றனர். வாங்கிய மகிழ்ச்சி உடனே வருகிறது. வருத்தம் வந்தாலும் அடுத்த பொருள் அதனை மூடிவிடுகிறது.

ஆதலின் இளையோர்க்கு ஒன்று கூற விரும்புகிறோம். ஆசைப்பட்ட எதையும் வாங்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் துறவு நமக்கும் கைவரவில்லை. வாங்குமுன் ஒரு பகல் பொறுங்கள். அந்த ஒரு பகலில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் விலையை யாரெல்லாம் கொடுக்கிறார்கள்? அவர்களிடம் கேட்டேனா? அவர்கள் வாயில்லா உயிர்களாயின், அவர்கள் சார்பில் நான் பேசினேனா? இம்மூன்றிற்கும் விடை கூறியபின் வாங்கினால், பின்னர் வருந்தினாலும் வருந்தாவிட்டாலும் அஃது அறிந்து செய்த செயலாக இருக்கும்.

முன்பே வாங்கிவிட்டவற்றிற்கு என்ன செய்வது? அதற்கும் நம் மரபில் வழியுண்டு. தசலட்சண நாள்கள் நிறைந்தபின் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறோம். பெரும்பாலும் பொதுவாக, "அறிந்தும் அறியாமலும் செய்த பிழை பொறுக்க" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இவ்வாண்டு அதனைக் கொஞ்சம் குறிப்பாகச் சொல்லிப் பார்ப்போம். "இன்ன பொருளை வாங்கியபோது உன்னைக் கேட்கவில்லை, நீ விட்டுக்கொடுத்தது எனக்குத் தெரியும்" என்று கணவன் மனைவியிடமும், மனைவி கணவனிடமும், பிள்ளைகள் பெற்றோரிடமும் சொல்லட்டும். அச்சொல்லுக்குச் செலவு ஒன்றுமில்லை. காலம் தாழ்த்தினால் மட்டும் அதைச் சொல்ல ஆள் இராமல் போய்விடும்.

தாயாரின் அடகுச் சீட்டை இப்போது எங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மாதந்தோறும் செலவெழுத அப்புத்தகத்தைத் திறக்கும்போது அது கண்ணில் படும். தந்தையாரைக் குறைகூற அதனை அங்கு வைக்கவில்லை. அவர் கேட்க மறந்த கேள்வியை நாங்களும் மறந்துவிடக்கூடாது என்பதற்காகவே வைத்தோம். அன்று மண்டபத்தில் கேட்ட அந்த மாணவருக்கு நாம் கூறக்கூடிய விடையும் இதுவே: தம்பி, வருந்தாமை சான்றாகாது. விலை கொடுத்தவரின் முகத்தைப் பார்த்தபின்னும் வருத்தம் எழவில்லையாயின், அப்போது அந்தச் செலவு நல்ல செலவாக இருக்கக்கூடும்.